மணிலால ஒரு பகல் இருந்தா எந்த சர்ச்சுக்குப் போகலாம்?

கேள்வி: வணக்கம் சார், என் பொண்ணு பிலிப்பைன்ஸ்ல டாவோ ஊர்ல எம்பிபிஎஸ் படிக்கறா, அவளைப் பார்க்க நானும் வீட்டுக்காரரும் மொத தடவையா போறோம். மணிலால இறங்கினா டாவோ ஃப்ளைட் மறுநாள் சாயங்காலம்தான். அங்க ஸ்பெயின்காரங்க காலத்து கதீட்ரல் இருக்காம், பார்த்துட்டு வாங்கன்னு பொண்ணு சொல்றா. நாங்க முருகன் கும்பிடறவங்க, உள்ள விடுவாங்களா?
(வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: தாராளமா விடுவாங்கம்மா, எந்த சாமி கும்பிடறீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. தோளும் முட்டியும் மூடியிருக்கணும், புடவைன்னா பிரச்சினையே இல்ல, வீட்டுக்காரர் தொப்பி போட்டிருந்தா மட்டும் கழட்டிடச் சொல்லுங்க. ஆனா செருப்பைக் கழட்டாதீங்க! நம்மூர் மாதா கோயில் பழக்கத்துல நான் வாசல்லயே விட்டுட்டு வெறுங்காலோட உள்ள போயிட்டேன், செக்யூரிட்டி ரெண்டு செருப்பையும் ஒரே கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு "சார் சார்"னு பின்னாடியே ஓடி வர்றார், ஏதோ மறந்துட்டுப் போறேன்னு நெனச்சிருக்கார் பாவம். பூசை நடந்தா பின்னாடி பெஞ்சுல உக்காருங்க. கடைசிப் பக்கமா எல்லாரும் வரிசையில போவாங்க, பிரசாதம்னு நீங்களும் போய் நின்னுடாதீங்க, அது நன்மை, அதாவது பூசையில சாமியார் குடுக்கற அப்பம், வாங்கற வரிசை, கத்தோலிக்கருக்கு மட்டும்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இன்ட்ராமுரோஸ்னு ஒரு கோட்டை, ஸ்பெயின்காரங்க 1571ல மணிலாவைப் பிடிச்சப்புறம் சுத்தி மதில் கட்டி உள்ளயே குடியிருந்த இடம், பொண்ணு சொல்ற கதீட்ரல் அதுக்குள்ளதான் இருக்கு. அழகா இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா பழசுன்னு நெனச்சுப் போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. தீப்பிடிச்சு, பூகம்பத்துல விழுந்து, மறுபடி கட்டி, 1863 பூகம்பத்துல மறுபடி விழுந்து, அப்புறம் கட்டினதும் 1945ல ஜப்பான்காரனுக்கும் அமெரிக்காகாரனுக்கும் நடந்த சண்டையில போச்சு. இப்ப நிக்கறது 1954ல ஆரம்பிச்சு 58ல முடிச்சது. நம்ம தாத்தா பாட்டி கல்யாணத்து வயசு, அவ்ளோதான்.

அதனால அங்க ஒரு கும்பிடு போட்டுட்டு ஜெனரல் லூனா தெருவுலயே நேரா அஞ்சு நிமிஷம் நடங்க, சான் அகுஸ்தின் சர்ச் வரும். 1607ல முடிச்ச கல் கட்டடம், 45 சண்டையில கோட்டைக்குள்ள மத்த சர்ச் எல்லாம் தரைமட்டமானப்ப இது ஒண்ணுதான் நின்னுது, 1993லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்லயும் இருக்கு. முன்னாடி பார்த்தா ஒரு பக்கம் டவர் இருக்கும், இன்னொரு பக்கம் மொட்டையா இருக்கும், 1880 பூகம்பத்துல விரிசல் விட்ட டவரை எடுத்துட்டாங்க. வாசல்ல சீனாக்காரங்க பாணியில கல் சிங்கம் வேற! உள்ள போனதும் அண்ணாந்து பாருங்க. சீலிங் முழுக்கப் பூவும் கொடியும் கட்டமுமா செதுக்கி வெச்ச மாதிரியே இருக்கும், நானும் கழுத்து வலிக்க அதைத்தான் நம்பிக்கிட்டு நின்னேன், ஜன்னல் வெளிச்சம் அடிக்கற இடத்துக்கு நகர்ந்து பார்த்தப்பதான் தெரிஞ்சுது செதுக்கினதுக்கு விழ வேண்டிய நிழல் விழவே இல்ல, அத்தனையும் வெறும் பெயிண்ட். 1875ல ரெண்டு இத்தாலிக்காரங்க வரைஞ்சது. அதியமான்கோட்டை சென்னராய பெருமாள் கோயில் மண்டபத்துல மேல பார்த்து நின்னிருக்கீங்கன்னா அதே கழுத்து வலிதான்.

இன்னொண்ணு, இதை அங்க கைடு யாரும் எனக்குச் சொல்லல. 1762ல வெள்ளைக்காரப் படை வந்து மணிலாவைப் பிடிச்சு இந்த சர்ச்சைக் கொள்ளையடிச்சுது பாருங்க, அந்தப் படை கப்பல் ஏறினது நம்ம மெட்ராஸ்லதான். டிரேப்பர்ங்கற தளபதியோட மெட்ராஸ்ல ஆள் எடுத்த சிப்பாய்களும் போனாங்க. 1764ல வெள்ளைக்காரன் மூட்டை கட்டினப்ப கொஞ்சம் பேர் திரும்பி வரவே இல்ல, பக்கத்துல கைன்டாங்கற ஊர்ல கல்யாணம் காட்சின்னு செட்டில் ஆயிட்டாங்க. கொள்ளையடிக்க வந்த கூட்டத்துல நம்மாளும் இருந்தான்னு நெனச்சப்ப அந்த பெஞ்சுல உக்கார எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

சனிக்கிழமைன்னா காலையிலயே போயிடுங்க, அங்க கல்யாணம் மேல கல்யாணம் நடக்கும். மணிலா டிராஃபிக் நம்ம ஓசூர் ரோட்டையே நல்லதுன்னு சொல்ல வெச்சுடும், ஏர்போர்ட்டுக்கு ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க.

கேள்வி: பெரிய சர்ச்சுன்னாலே கதீட்ரல்தானே?
(வாசகர், பென்னாகரம்)

பதில்: இல்லைங்க. ஆயரோட, அதாவது பிஷப்போட நாற்காலி எங்க இருக்கோ அதுதான் கதீட்ரல், சைஸ் கணக்கே இல்ல. 1997 வரைக்கும் நம்ம பக்கம் சேலம் மறைமாவட்டத்துல (ஒரு ஆயர் பொறுப்புல இருக்கற பகுதி) இருந்துச்சு, தர்மபுரி தனியாப் பிரிஞ்சப்பதான் டவுன்ல இருக்கற திரு இருதய ஆலயம் பேராலயம் ஆச்சு. கோவிலூர் பழைய பங்குதான் (பங்குன்னா ஒரு சாமியார் பொறுப்புல இருக்கற சர்ச் வட்டாரம்), ஆனா கதீட்ரல் இல்ல. மேல சொன்ன சான் அகுஸ்தினும் அதே கதைதான்.

கேள்வி: ஸ்பெயின்காரன் நம்ம பக்கம் வரவே இல்லையே, அவனால நமக்கு என்ன வந்துச்சு?
(வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: கொடுக்காப்புளி வந்துச்சே! ஸ்கூல் வாசல்ல கூறு கட்டி விப்பாங்களே, அந்த மரம் மெக்சிகோ மரம். மெக்சிகோலேர்ந்து மணிலாவுக்கு 1565லேர்ந்து 1815 வரைக்கும் ஸ்பெயின் கப்பல் ஓடுச்சு, அதுல போய் அங்கேர்ந்து ஆசியா முழுக்கப் பரவினது, இங்கிலீஷ்லயே அதுக்கு மணிலா புளின்னுதான் பேரு. காவேரிப்பட்டணத்து அம்மா, அங்க மார்க்கெட்ல காமாச்சிலேன்னு கேட்டுப் பாருங்க. சீசன்னா கிடைக்கும்.