சம்பளம் ஒரு இலட்சம், ஆனால் நீங்கள் இனி ஊழியர் இல்லை: கையெழுத்திடுவதற்கு முன்

கேள்வி: மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 38. சம்பளம் 85,000 ரூபாய். நிறுவனத்தில் 22 பேர் இருக்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து என்னை ஊழியராக அல்லாமல் ஒப்பந்த அடிப்படையில் வைத்துக்கொண்டு மாதம் ஒரு இலட்சம் தருவதாக முகாமையாளர் சொல்கிறார். அதற்கு முதலில் விலகல் கடிதம் வேண்டுமாம். வேலை, நேரம், மேசை எதுவும் மாறவில்லை. என் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.), ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ஈ.ரி.எப்.), வேலை முடியும்போது தரும் பணிக்கொடை எல்லாம் என்னவாகும்? (களுவாஞ்சிகுடி வாசகி)

பதில்: அந்த விலகல் கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம், அதை மட்டும் திருப்பி வாங்க முடியாது.

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரின் வேலையை முடிப்பதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்வது இதுதான். நீங்கள் எழுதும் விலகல் கடிதமே அந்தச் சம்மதமாகிவிடும். "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று அவர்களே தட்டச்சு செய்து நீட்டும் தாளில் கையெழுத்திட்டால், பின்னர் வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபையில் என்ன சொல்லப்போகிறீர்கள்? மாறத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தாலும், நிறுவனத்தின் வேண்டுகோளின்படி மாறுகிறேன் என்று உங்கள் சொற்களிலேயே எழுதி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நியாயசபைக்கு விண்ணப்பிக்க வேலை முடிந்த நாளிலிருந்து 6 மாதங்கள்தான் அவகாசம்.

இனிப் பணக் கணக்கு. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கே கணக்குச் சொல்வது சற்றுச் சங்கடந்தான். இப்போது ஈ.பி.எப்.புக்கு உங்கள் 8 வீதம், அதாவது 6,800 ரூபாய், கழிந்து 78,200 கைக்கு வருகிறது. அது ஒரு இலட்சமாகும் என்றால் யாருக்கும் மனம் சாயும். ஆனால் உங்கள் பெயரில் முதலாளி தன் பணத்திலிருந்து கட்டுவதையும் பாருங்கள். ஈ.பி.எப். 12 வீதம், ஈ.ரி.எப். 3 வீதம், இரண்டும் சேர்ந்து 12,750. ஆண்டுக்கு அரை மாதச் சம்பளமாகச் சேரும் பணிக்கொடையை மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 3,540. 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் அமய (திடீர்த் தேவைக்கான) விடுமுறை ஆகியவற்றின் சம்பளம் மாதத்துக்குச் சுமார் 5,700. எல்லாம் சேர்ந்தால் 22,000 ரூபாய் அளவில் வருகிறது. ஆகவே 107,000 ரூபாய்க்குக் குறைந்த எந்தத் தொகையும் உங்களுக்குச் சம்பளக் குறைப்புத்தான். போனஸ், 84 நாள் மகப்பேற்று விடுமுறை, வேலையில் விபத்து நேர்ந்தால் கிடைக்கும் நட்டஈடு எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

பணிக்கொடை உங்கள் கையில் இருக்கும் பெரிய தொகை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 ஆண்டுகள் நிறைவு செய்தவருக்கு அது உரிமை, யாருடைய தயவும் அல்ல. 11 ஆண்டுக்கு 42,500 வீதம் 467,500 ரூபாய். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகக் கட்டணமும் சேரும். "ஒப்பந்தம் முடியும்போது மொத்தமாகத் தருகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தக்காரருக்குப் பணிக்கொடை கிடையாது, அப்போது கேட்டால் வழக்குத்தான் மிஞ்சும்.

ஈ.பி.எப். பணம் எங்கும் போகாது. பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம். அதுவரை ஆண்டுதோறும் வட்டி சேரும். புதிதாகக் கட்டுவதுதான் நின்றுபோகும், ஏனென்றால் முதலாளி இல்லாத ஈ.பி.எப். கிடையாது. வீட்டுக் கடனுக்கு அந்த மீதியைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், விலகுவதற்கு முன்பே தொழில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: நம் பக்கத்தில் அடையாள அட்டையில் பெயர் ஒரு மாதிரி, ஈ.பி.எப். பதிவில் இன்னொரு மாதிரி இருப்பது சர்வ சாதாரணம். முதலாளி உறுதிப்படுத்தக்கூடிய நிலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

ஈ.ரி.எப்.பில் நிலைமை சற்று நல்லது. சுயதொழில் செய்பவர்கள் தாமாகவே அங்கத்தவராகிப் பணம் கட்டலாம். ஓய்வூதியத்துக்கு சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டம் உண்டு, உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் ஈ.பி.எப்.புக்கு ஈடாகா. இன்று உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமுமாக மாதம் 17,000 ரூபாய் உங்கள் பெயரில் ஈ.பி.எப்.பில் போய்ச் சேர்கிறது. ஒப்பந்தப் பணம் கைக்கு வரும் நாளிலேயே அந்த 17,000ஐ வேறு கணக்குக்கு மாற்றும்படி வங்கிக்கு எழுத்தில் கட்டளை கொடுத்துவிடுங்கள். மருத்துவக் காப்புறுதியைப் பற்றி வெளிநாட்டுக் கட்டுரைகள் அதிகம் பயமுறுத்தும். போதனா வைத்தியசாலை இலவசமாக இருக்கும் ஊரில் என் கவலை அதைவிட முதுமைக்கால வருமானத்தைப் பற்றியதுதான்.

வரி: கணக்காளர் போன்ற சுயாதீன சேவையாளருக்கு மாதம் 100,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 5 வீதம் பிடித்து வைப்பார்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வரி விலக்கு இருப்பதால், வேறு வருமானம் இல்லையென்றால் உங்களுக்கு வரி வராது. வரி இலக்கம் எடுத்து, வருமான விவரத்திரட்டுச் சமர்ப்பித்துப் பிடித்த தொகையை மீளக் கோரலாம்.

இனி முகாமையாளரிடம் பேசும்போது உங்களுக்குள்ள பலத்தைச் சொல்கிறேன். காகிதத்தில் என்ன பெயர் எழுதினாலும், வேலை நேரத்தை யார் தீர்மானிக்கிறார், கருவிகள் யாருடையவை, வேறு இடத்துக்கும் வேலை செய்ய உங்களுக்குச் சுதந்திரம் உண்டா என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கும். அதே மேசையில் அதே நேரத்துக்கு இருந்தால் நீங்கள் ஊழியர் என்று முடிவாகும் வாய்ப்பு மிக அதிகம். அப்படியானால் கட்டாமல் விட்ட ஈ.பி.எப்.புக்கு மேல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் முதலாளியின் தலையில் விழும். இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டியதில்லை, "இது உங்களுக்கும் ஆபத்து, ஊழியராகவே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும். மறுத்தால், 12 மாதச் சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, கையெழுத்திடும் முன் மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.