‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’: படம் வேகமாக ஓடுகிறதா, பேச்சே அப்படியா?

‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ என்ற பழைய ஹாலிவுட் படம் உங்கள் கணினியில் வேகமாக ஓடுகிறதோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. ஆட்கள் சாதாரணமாக நடக்கிறார்கள், பேச்சு மட்டும் தடதடவென்று ஓடுகிறது, சப்டைட்டில் திணறுகிறது என்கிறீர்கள். 1940-இல் தியேட்டரில் பார்த்தவர்களுக்கும் பேச்சு இதே வேகம்தான்.

இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் வேண்டுமென்றே செய்தது அது. ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். உணவகக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். நடிகர்கள் கேரி கிராண்டும் ராசலிண்ட் ரஸ்ஸலும் மாறி மாறிப் பேச்சால் குத்திக்கொள்ள, பாவம், கூட நடிக்கும் ரால்ஃப் பெல்லமி மட்டும் நிதானமாக வாயைத் திறப்பார். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். இதையெல்லாம் இரண்டு வரி சப்டைட்டிலில் அடைக்க முடியாது.

சரி, சந்தேகம் தீர மொத்த நேரத்தைப் பாருங்கள்.

1. 92 நிமிடம் என்றால் வேகம் சரி.
2. 88 நிமிடம் என்றால், நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடவேண்டிய படத்தை ஐரோப்பிய டிவிக்காக 25-ஆக ஓட்டிய பிரதியாக இருக்கலாம். பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்குங்கள்.
3. சப்டைட்டில் போகப்போக விலகிக்கொண்டே போனால், அது வேறு வேகப் பிரதிக்குச் செய்தது. ஒரே அளவு விலகல் என்றால் சில நொடி நகர்த்தினால் போதும்.

ஆனால் நேரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாததால் யார் யாரோ போட்ட பிரதிகள் உலவுகின்றன; காட்சி வெட்டுப்பட்ட பிரதியும் 88 நிமிடத்தில் நிற்கலாம். குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தால் மட்டும் வேகத்தில் கைவையுங்கள்.