ஐந்து நிமிடப் பேச்சில் எதை அளக்கிறார்கள்?

கேள்வி: என் 15 வயது மகளுக்கு அனோரெக்ஸியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பிட மறுக்கும் நோய்). சிகிச்சைக்கு முன், "உங்க பொண்ணு எப்படிப்பட்டவ, உங்களுக்குள்ள எப்படிப் பழக்கம்னு அஞ்சு நிமிஷம் பேசுங்க" என்று சொல்லிப் பதிவு செய்தார்கள். பேசி முடியும்வரை யாரும் வாயே திறக்கவில்லை. கணவரும் நானும் 20 வரிப் படிவம் ஒன்றையும் நிரப்பினோம். தப்பு யார் பேரில் என்று பார்க்கிறார்களா?

பதில்: இல்லை. நோயாளியைப் பற்றிப் பேசும்போது வீட்டாரிடம் வெளிப்படும் குறைகூறல், பகைமை, அளவுமீறிய ஈடுபாடு போன்றவற்றைத்தான் பார்க்கிறார்கள். மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களுக்காக லண்டனில் தொடங்கிய முறை இது. அங்கே கேம்பர்வெல் பேட்டி என்ற நீண்ட பேட்டியே மூலம். ஐந்து நிமிடப் பேச்சு 1986இல் வந்த சுருக்குவழி.

முதல் வாக்கியத்திலேயே மதிப்பீடு தொடங்கிவிடும். "அவ சாப்பிடாதது கவலையா இருக்கு" என்றால் குறைகூறல் ஆகாது. "சின்னதுலேர்ந்தே பிடிவாதம், யார் சொன்னாலும் கேக்கமாட்டா" என்று எரிச்சலோடு வந்தால் ஆகும். எழுத்துப்படி மட்டும் போதாது, குரலையும் கேட்டாக வேண்டும். "நல்ல பிள்ளைதான்" என்பதையே எத்தனை விதமாகச் சொல்லலாம்!

சிக்கல் அளவுமீறிய ஈடுபாட்டில்தான். பேசும்போது அழுதாலும், 'அவளுக்காக எல்லாத்தையும் விட்டுட்டேன்' என்றாலும் அந்தக் கணக்கில் சேரும். எலும்பும் தோலுமாக நிற்கும் பிள்ளையைப் பற்றிப் பேசும் தாய் அழாமல் இருப்பாளா? எனவே அந்த முடிவை மட்டும் வைத்து யாரும் உங்களை எடை போடக்கூடாது. நேர்மாறான பிழையும் உண்டு: ஐந்து நிமிடத்தில் வெளிவராத கசப்பு நீண்ட பேட்டியில் வருவதுண்டு. அனோரெக்ஸியா வீடுகளில் வெளிப்படையான குறைகூறல் பொதுவாகவே குறைவு. மனச்சிதைவுக்கு வைத்த 'நீண்ட பேட்டியில் ஆறு முறை குறை சொன்னால் அதிகம்' என்ற எல்லையை இங்கே அப்படியே வைத்தால் பலர் கணக்கில் வராமல் தப்பிவிடுவார்கள்.

கேள்வி: படிவத்தில் எனக்குக் குறைகூறல் 21, ஈடுபாடு 29 வந்தது. கூடுதலா?

பதில்: நீங்கள் நிரப்பியது ஜெர்மனியில் உருவாகி 2002இல் வெளியான குடும்ப வினாப்படிவமாக இருந்தால், இரண்டு பகுதிக்கும் பத்துப் பத்து வரிகள், வரிக்கு 1 முதல் 4 வரை மதிப்பெண். குறைகூறலுக்கு 23, ஈடுபாட்டுக்கு 27 எல்லை. ஆக, உங்களுக்கு ஈடுபாடு மட்டும் எல்லையைத் தாண்டியிருக்கிறது. கணவரின் எண்களைத் தனியாகவே கேளுங்கள். சராசரி எடுத்தால் ஒருவருடையது இன்னொருவருடையதை மறைத்துவிடும்.

சிகிச்சைக்கு இது எப்படி உதவும் என்றால், 2000இல் வெளியான லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனை ஆய்வில், தாயின் குறைகூறல் அதிகமிருந்த குடும்பங்களில், எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்ததைவிடப் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியாகப் பார்த்த சிகிச்சை நல்ல பலன் தந்தது. உங்கள் குறைகூறல் எண் எல்லைக்குள்தான் இருக்கிறது. கணவருடையதையும் பார்த்துவிட்டு, அமர்வுகளை எப்படி அமைக்கப் போகிறார்கள் என்று சிகிச்சைக் குழுவிடம் கேளுங்கள்.