பாக்கின் 'மத்தேயு பாடுகள்': எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி: பரோக் காலத்து ஆலயக் கூட்டுப்பாடல்களைக் கேட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், புரியாத ஜெர்மன் மொழி, ஏதோ தூரத்தில் நடப்பதுபோல இருந்தது. பாடுகிறவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது? புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

நீங்கள் கேட்டது, மத்தேயு நற்செய்தி சொல்லும் இயேசுவின் துன்பங்களையும் சாவையும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இசையாக்கிய 'மத்தேயு பாடுகள்' என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், ஏனென்றால் நான் பாடியிருப்பது அதைத்தான். முதலிலிருந்து கேட்காதீர்கள். இன்றைய பதிப்புகளில் 62ஆம் எண்ணாக இருக்கும் பாட்டுக்கு நேராகப் போங்கள். இயேசு உயிரை விட்டார் என்ற வசனம் முடிந்தவுடன் வருவது அது. நான்கு குரல்கள், எளிய ஒரு சபைப் பாட்டு, சுமார் இரண்டு நிமிடம்தான்.

நான் மயிலாடுதுறைப் பக்கத்து லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவன். வேலைக்காக ஜெர்மனிக்கு வந்த மூன்றாம் ஆண்டில், குடியிருக்கும் சிற்றூரின் ஆலயப் பாடகர் குழுவில், ஆண்களின் தாழ்ந்த குரலான பேஸ் குரலில் சேர்ந்தேன். செப்டம்பரில் ஒத்திகை தொடங்கியது, பெரிய வெள்ளியன்று பாட வேண்டும். முதல் மாலை கையில் கொடுத்த இசைத்தாள்கள் எனக்குக் காடாகத் தெரிந்தன. பதினைந்தாம் எண்ணுக்கு வந்தபோது மேல்குரலான சொப்ரானோ பாடும் பெண்கள் மெட்டைப் பாடினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரிய வெள்ளிக்கு முந்தைய லெந்து நாட்களில் பாட்டி ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலேயே பாடும் 'இரத்தம் காயம் குத்தும்' பாட்டின் ராகம் அது!

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகளும் அவர்கள் வழிவந்தவர்களும் தங்கள் ஊர்ப் பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழில் கொடுத்தார்கள். அந்த மெட்டு 1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் ஒரு பெண்ணால் மனம் கலங்கியவனின் காதல் பாட்டுக்காகப் போட்டது. 1656இல் பவுல் கெர்ஹார்ட்டின் துக்கப் பாட்டு அதன்மேல் ஏறியது. லைப்சிக்கின் தோமா ஆலயத்தில் 1727ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று 'மத்தேயு பாடுக'ளைக் கேட்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. பாக் அதை நம்பித்தான் எழுதினார். எனவே நீங்கள் ஞானப்பாட்டோ பாமாலையோ பாடி வளர்ந்தவராக இருந்தால், லைப்சிக்காரர்களைப் போலவே கேட்கும் காது உங்களுக்கு இருக்கிறது. வளராதவர் என்றாலும் கவலை வேண்டாம். ஒரே வாரத்தில் அந்த மெட்டைக் கற்றுக்கொள்ளலாம்.

ஏனென்றால் பாக் அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார், மொத்தம் ஐந்து முறை. "உம்மை மறுதலிக்கமாட்டேன்" என்று பேதுரு சொல்லி முடித்ததும், சற்று முன் கேட்ட அதே மெட்டு அரைச் சுரம் இறங்கி, "நான் இங்கே உம்மோடு நிற்பேன்" என்ற சொற்களோடு வருகிறது. நிற்கப்போவதில்லை என்று நமக்குத் தெரியும். 62இல் மேல்குரல் பழைய மெட்டையே பாடுகிறது. சாவின் அச்சத்தைச் சொல்லும் வரியில் மட்டும் கீழ்க்குரல்கள் அரை அரைச் சுரமாக நெளிந்து, கால் வைக்க இடமில்லாததுபோல ஆகிவிடும். அந்த வரியை நான் ஒழுங்காகப் பாட ஜனவரி வரை ஆனது.

பாடுகிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். எனக்குக் கிடைத்தது தப்பிக்க முடியாத ஓர் இடம். இந்தப் படைப்பில் பாடகர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்து நிற்பார்கள். நான் இரண்டாம் குழு. இராப்போஜனக் காட்சியில், உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னதும், முதல் குழு சீஷர்களாகி "ஆண்டவரே, நானோ, நானோ?" என்று கலைந்து கலைந்து கேட்கிறது. எண்ணிப் பாருங்கள், 'ஆண்டவரே' என்ற சொல் 11 முறை வரும். யூதாஸ் பிறகு தனியாகக் கேட்பான். அவர்கள் கேட்டு முடித்த உடனே, மூச்சு விடும் நேரத்தில், இரண்டு குழுக்களும் சேர்ந்து சபையாக மாறிப் பதில் சொல்ல வேண்டும்: "நான்தான்." வேதத்தில் அந்தப் பதில் இல்லை. அதை என் வாயில் வைத்தவர் பாக். பக்தியாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் அந்தச் சொல்லைக் கடந்துபோகலாம். சுருதி பிசகாமல் அதைச் சொல்ல வேண்டியவனுக்கு அந்த வசதி இல்லை.

பிலாத்துவின் முன்னால் நிலைமை இன்னும் கடுமை. எந்தக் கைதியை விடுவிக்கலாம் என்று அவன் கேட்டதும், "பரபாஸ்" என்று இரு குழுக்களும் ஒரே ஒரு கூச்சல் போட வேண்டும். அடுத்து "சிலுவையில் அறையவேண்டும்." இரண்டாம் தடவை அதே இசை ஒரு முழுச் சுரம் மேலேறி வரும், கூட்டத்தின் வெறி ஏறியதுபோல. முதல் தடவை அப்படிக் கூவி அடங்கிய மறுகணம், அதே தொண்டையால் "இந்தத் தண்டனை எவ்வளவு விந்தையானது" என்று மென்மையாகப் பாட வேண்டும். பெரிய வெள்ளியன்று எனக்குக் குரல் நடுங்கிய இடம் இதுதான். பக்கத்தில் நின்ற முதியவர் தம் இசைத்தாளை என் பக்கம் சாய்த்து, வரியை விரலால் காட்டினார்.

எந்தப் பதிவு என்றால், கார்ல் ரிக்டர் 1958இல் பெரிய குழுவோடு செய்ததில் 62ஐக் கேட்டுவிட்டு, பால் மெக்ரீஷ் ஒரு குரலுக்கு ஒருவராக மட்டும் பாடவைத்து 2003இல் வெளியானதையும் கேளுங்கள். முன்னதில் சபை கேட்கும். பின்னதில் மனிதர்கள் தனித்தனியாகக் கேட்பார்கள், எனக்கு அது கூடுதலாகப் பிடிக்கும். நெதர்லாந்து பாக் சங்கத்தின் காணொளி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. குழுக்கள் இரண்டாக நிற்பது அதில் கண்ணுக்குத் தெரியும். மேல்மெட்டு பழகியதும் பேஸ் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு முனகிப் பாருங்கள். தப்பினால் பரவாயில்லை.

அது முடிந்தபின் முதல் பாட்டுக்குத் திரும்புங்கள். முதல் குழு "பாருங்கள்" என்று அழைக்கும். அதுவரை வாயே திறக்காமல் நின்ற இரண்டாம் குழு "யாரை?" என்று ஒற்றைச் சொல்லில் குறுக்கிடும். மாதக்கணக்கான ஒத்திகைக்குப் பிறகு, நிறைந்த ஆலயத்தில் நான் பாடிய முதல் சொல் அதுதான்.