வீட்டுக் கணினியில் ரான்சம்வேர்: கேள்வி பதில்

கேள்வி: நேற்று மாலையிலிருந்து என் கணினியில் எந்தப் படமும் ஆவணமும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லாக் கோப்புறைகளிலும் ‘ரீட்மீ’ என்ற உரைக் கோப்பு கிடக்கிறது. 980 டாலர் கேட்கிறார்கள், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டாலர் போதுமாம். இது ரான்சம்வேர்தானா?

பதில்: ரான்சம்வேர்தான், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் தீநிரல். நீங்கள் சொல்லும் தொகையும் கெடுவும் ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியு’ எனப்படும் குடும்பத்துக்கே உரியவை. வீட்டுக் கணினிகளை மிகுதியாகத் தாக்கியிருப்பதும் இதுதான். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள், ஏனெனில் கணினிக்கு எட்டும் எந்த டிரைவையும் இது விட்டுவைக்காது. மிரட்டல் குறிப்பையோ பூட்டப்பட்ட கோப்புகளையோ அழிக்காதீர்கள். எந்தக் குடும்பம், கோப்புகளைப் பூட்டிய சாவி (ரகசிய எண்) எது என்று கண்டறிய அவைதான் தடயம். ஒட்டிய எழுத்துகளை நீக்கிப் பழைய பெயரை வைப்பதால் பயன் ஏதும் இல்லை, உள்ளடக்கமே மாறிவிட்டது.

கேள்வி: ஐயா, இணையத்தில் உலவிக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவப்பாகி, ‘உங்கள் கணினி முடக்கப்பட்டது, இந்த எண்ணை உடனே அழையுங்கள்’ என்று ஒலியுடன் அறிவிப்பு வந்தது. கோப்புகள் போய்விட்டனவா?

பதில்: பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. அது பிரவுசரை முழுத்திரையாக்கிக் காட்டும் வெறும் வலைப்பக்கம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். உங்கள் ஆவணங்கள் வழக்கம்போலத் திறந்தால் கவலையில்லை. அந்த எண்ணை அழைத்து, தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு: அந்த மென்பொருளை நீக்கி, கணினியை முழுமையாகச் சோதித்து, வங்கி உட்பட எல்லாக் கடவுச்சொற்களையும் வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

கேள்வி: தாக்குதல் தெரிந்தவுடன் கணினியை அணைப்பதா, அப்படியே விடுவதா? இருவிதமாகவும் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டுக்கும் காரணம் உண்டு. கோப்புகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் பெயர் மாறிக்கொண்டிருந்தால், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணைத்துவிடுங்கள், மிஞ்சியிருப்பதாவது தப்பும். எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது என்றால், இணையத்தைத் துண்டித்துவிட்டு அணைக்காமல் விடலாம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினிகள் சிலவற்றில், மறுதொடக்கம் செய்யாதிருந்த ஒரே காரணத்தால், நினைவகத்தில் எஞ்சியிருந்த எண்களைக் கொண்டு சாவியை மீட்க முடிந்தது. ஆனால் அது அரிதாக வாய்த்த நல்வாய்ப்பு. வீட்டுப் பயனர் அதை நம்பி, ஓடிக்கொண்டிருக்கும் தீநிரலை ஓடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: ஆன்டிவைரஸ் கொண்டு முழுச் சோதனை செய்தேன். தீநிரல் நீக்கப்பட்டது என்று காட்டுகிறது. ஆனாலும் கோப்புகள் திறக்கவில்லையே?

பதில்: பலரும் இடறும் இடம் இது. தீநிரலை அகற்றுவதும் கோப்புகளை மீட்பதும் வெவ்வேறு வேலைகள். வீட்டைப் பூட்டிய திருடனை விரட்டிவிட்டீர்கள். சாவி அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கோப்புகளை வேகமாக மறையாக்கம் (படிக்க முடியாதபடி உருமாற்றுதல்) செய்ய ஒரு சாவி பயன்படுகிறது. அந்தச் சாவியை ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறைப்படி இன்னொரு சாவியால் பூட்டிவிடுகிறார்கள். அதைத் திறக்கும் தனிச்சாவி உங்கள் கணினியில் இருப்பதில்லை, ஆகவே எந்த ஆன்டிவைரஸும் அதைத் தேடி எடுத்துத் தர இயலாது.

ஆனாலும் அகற்றும் வேலையை அரைகுறையாக விடக் கூடாது. டிஜேவியு குடும்பம், குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ‘டைம் டிரிகர் டாஸ்க்’ என்ற பெயரில் ஒரு பணியைப் பதிந்துவிட்டுத் திரும்பத் திரும்ப ஓடும். அது இருக்கும்வரை நீங்கள் புதிதாகச் சேமிக்கும் கோப்பும் பூட்டப்படும். பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் திறக்காதபடி, தளங்களின் முகவரியை விண்டோஸ் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் வரிகளைச் சேர்த்துவிடும். ‘என் இணைப்பில்தான் கோளாறு’ என்று மோடத்தைக் குடைந்துகொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே பூட்டப்பட்ட கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் தனி டிஸ்க்கில் பிரதியெடுத்து வைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓடவிடுங்கள். விண்டோஸ் முழுமையாக ஏறுவதற்கு முன்பே அது தேடும் என்பதால், ஒளிந்துகொள்ளும் நிரல்களும் சிக்கும். என்னைக் கேட்டால், அதற்கும் மேலே போய் விண்டோஸையே புதிதாக நிறுவிவிடுவது நல்லது. இந்தக் குடும்பம் விடார், அசோரல்ட் போன்ற கடவுச்சொல் திருடிகளையும் உடன் அழைத்து வந்திருக்கிறது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் வெளியே போய்விட்டன என்றே கொண்டு, வேறொரு கருவியிலிருந்து அனைத்தையும் மாற்றுங்கள்.

கேள்வி: மறையாக்கத்தை நீக்கும் இலவசக் கருவிகள் உண்மையில் உள்ளனவா?

பதில்: உள்ளன, ஆனால் எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், பூட்டப்பட்ட கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் பதிவேற்றினால், எந்தக் குடும்பம், கருவி உண்டா என்று சொல்லும். அந்தரங்கம் இல்லாத கோப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

டிஜேவியு என்றால், ‘சி’ டிரைவில் ‘சிஸ்டம்ஐடி’ என்ற கோப்புறைக்குள் இருக்கும் ‘பெர்சனல்ஐடி’ கோப்பைத் திறந்து, அடையாள எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். அவை ‘t1’ என்று இருந்தால், தீநிரல் தன் சர்வரைத் தொட முடியாமல், தன்னுள் பொதிந்திருந்த பொதுவான ஆஃப்லைன் சாவியைப் பயன்படுத்தியிருக்கிறது; அந்தச் சாவி வெளியே கிடைத்திருந்தால் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இல் வெளியிட்ட கருவி கோப்புகளைத் திறக்கும். வேறு விதமாக முடிந்தால், சர்வரில் உங்களுக்கென்று தனியாக உருவாக்கப்பட்ட ‘ஆன்லைன் சாவி’ அது, இப்போதைக்கு வழியில்லை. அப்போதும் கோப்புகளை வைத்திருங்கள். 2013இல் பரவிய கிரிப்டோலாக்கர் என்ற ரான்சம்வேரின் சாவிகள் மறு ஆண்டு நடந்த காவல்துறை நடவடிக்கைக்குப் பின் கிடைத்தன. டெஸ்லாகிரிப்ட் என்ற இன்னொன்றை நடத்தியவர்களே 2016 மே மாதம் முதன்மைச் சாவியை வெளியிட்டார்கள்.

தேடுபொறியில் முதலில் வரும் ‘மறைநீக்கி’யைப் பதிவிறக்காதீர்கள். டிஜேவியு கோப்புகளைத் திறப்பதாகச் சொல்லி 2020இல் வந்த போலிக் கருவி, ஏற்கெனவே பூட்டியிருந்த கோப்புகளின் மேல் சோரப் என்ற இன்னொரு ரான்சம்வேரின் பூட்டைப் போட்டது.

கேள்வி: எனக்கு ஆன்லைன் சாவிதான் என்று தெரிந்துவிட்டது. ஒன்றுமே மிஞ்சாதா?

பதில்: பெரிய கோப்புகளில் மிஞ்சலாம். வேகத்துக்காக டிஜேவியு ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்தில் சுமார் 150 கேபியை மட்டுமே மறையாக்கம் செய்கிறது. 600 எம்பி காணொளியில் இது மிகச் சிறிய பகுதி. அதே கேமராவில் எடுத்த நல்ல காணொளி ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், பழுது நீக்கும் மென்பொருள்கள் பல நேரம் அதை ஓடவைத்துவிடும். பெரிய ஜிப் கோப்பு என்றால், தொடக்கத்தில் உள்ள ஒன்றிரண்டு கோப்புகள் தவிர மற்றவற்றைப் பிரித்தெடுக்கலாம். 100 கேபி உரை ஆவணத்துக்கு இந்த வழி கிடையாது. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய நிலைப் பிரதிகளான ஷேடோ பிரதிகளை ரான்சம்வேர்கள் முதலிலேயே அழித்துவிடுவதால், அதில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம்.

கேள்வி: பணம் கட்டிவிடலாமா?

பதில்: கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. கட்டியும் சாவி வராதவர்கள் உண்டு. காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் பதியுங்கள்.

கேள்வி: நான் எந்த மின்னஞ்சல் இணைப்பையும் திறக்கவில்லை. பிறகு எப்படி நுழைந்தது? இனி எப்படித் தடுப்பது?

பதில்: கட்டண மென்பொருள் எதையாவது ‘கிராக்’ செய்து, அதாவது உரிமப் பூட்டை உடைத்து, இலவசமாக நிறுவினீர்களா? டிஜேவியு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லியிருப்பார்கள், நாமும் அணைத்திருப்போம். சில வகைகள், பின்னணியில் கோப்புகளைப் பூட்டும் நேரத்தில், திரையில் போலியான விண்டோஸ் அப்டேட் பெட்டியைக் காட்டி நம்மைக் காத்திருக்கவும் வைக்கும்.

பேக்கப் டிஸ்க்கைப் பிரதியெடுக்கும் நேரத்தில் மட்டும் இணையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்படும். கிளவுடில் வைத்திருப்பவர்கள், கணினி சுத்தமாகும்வரை ஒத்திசைவை (சிங்க்) நிறுத்திவிட்டு, வலைத்தளத்தின் வழியே கோப்புகளின் பழைய பதிப்புகளைத் தேடலாம். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா உள்ளவர்கள், ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாட்களுக்குள் ஒரு நாளைத் தேர்ந்து அந்த நிலைக்குத் திருப்பலாம். 2017 முதல் விண்டோஸ் 10இலும், இப்போது விண்டோஸ் 11இலும், அனுமதியில்லாத நிரல்கள் உங்கள் கோப்புகளை மாற்றாமல் தடுக்கும் ‘கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. அது அணைந்த நிலையிலேயே வருகிறது, டிஃபெண்டரில் ரான்சம்வேர் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் நாம்தான் இயக்க வேண்டும். சில நல்ல மென்பொருள்களையும் அது தடுக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.