நாளை என்னவென்று தெரியாமலே நிறைவாக வாழ முடியுமா? திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையில் நெடுங்காலமாக உளவளத்துணைப் பணி செய்பவன் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளுள் நான்கிற்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன். சித்தியடையாவிட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன், இந்தக் காத்திருப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஏன் ஐயா? (மாணவர், உப்புவெளி)

தம்பி, இது உங்கள் பலவீனமன்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கணினித் திரையில் தோன்றும் கல்லின் அடியில் பாம்பு உண்டா என்று 45 பேர் ஊகிக்க வேண்டியிருந்தது. பாம்பு இருந்தால் கையில் சிறு மின்னதிர்ச்சி கிடைக்கும். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோதைவிட, வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோதே அவர்களுடைய உடலில் பதற்றம் உச்சத்தை எட்டியது. கெட்ட செய்தியைவிடத் தெரியாமையே நம்மை அதிகம் வாட்டுகிறது. அதனால்தான் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியை இரவெல்லாம் கணக்கிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்ச வெட்டுப்புள்ளி மற்றவர்கள் எழுதிய விடைகளையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் பொறுத்தது. எத்தனை முறை கணக்குப் பார்த்தாலும் அது உங்கள் கைக்கு வராது. ‘எனக்குத் தெரியாது, இப்போதைக்குத் தெரியவும் முடியாது’ என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு எழுந்து வேறு வேலையைப் பாருங்கள்.

பெரும்போகத்தில் விதைத்த வயல் வெள்ளத்தில் அழுகிப்போனது. ‘எல்லாம் விதி, ஏற்றுக்கொள்’ என்கிறார்கள். அப்படியென்றால் ஏன் உழைக்க வேண்டும்? (விவசாயி, தம்பலகாமம்)

உங்கள் கோபம் நியாயமானது. ஏற்றுக்கொள்வதும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் ஒன்றல்ல. திருக்குறளின் 38ஆம் அதிகாரத்தில் ஊழைவிட வலியது எதுவுமில்லை என்று சொன்ன வள்ளுவரே, 62ஆம் அதிகாரத்தில், சோர்வில்லாமல் முயல்வோர் அந்த ஊழையும் புறங்காண்பர் என்கிறார். இதை நான் முரணாகக் கொள்வதில்லை. ஒன்று விளைவைப் பற்றியது, மற்றது வேலையைப் பற்றியது.

நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்களை ஒருநாள் அருகிலிருந்து பாருங்கள். குதிகாலை மணலில் ஊன்றி, கயிற்றை இடுப்போடு அணைத்து, ஏலேலோ பாடி நெடுநேரம் இழுக்கிறார்கள். வலையின் மடி கரையேறும்போது சில நாட்களில் பாசியும் ஒரு கூடைப் பொடிமீனுமே இருக்கும். முகங்கள் வாடத்தான் செய்கின்றன. ஆனால் சற்று நேரத்தில் வலையை விரித்து, எங்கே கிழிந்திருக்கிறது என்று விரல்களால் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ‘கடல் ஏன் தரவில்லை’ என்ற கேள்வியில் அவர்கள் அந்தப் பகலைச் செலவிடுவதில்லை. அழுகிய பயிரைப் பார்த்து நீங்கள் அழுவது இயல்பு, அழுங்கள். பிறகு கமநல சேவை நிலையத்தில் சேதத்தைப் பதிவு செய்வதும், வடிகாலைத் துப்புரவாக்குவதும், சிறுபோகத்திற்கான விதைநெல்லைத் தேடுவதும் உங்கள் கையில் இருக்கின்றன. மழை மட்டுமே உங்கள் கையில் இல்லை.

என் அண்ணன் காணாமல் ஆக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ‘ஏற்றுக்கொண்டு மகிழ்ச்சியாக இரு’ என்று சொல்பவர்களைக் கண்டால் நெஞ்சு எரிகிறது. நீங்களும் அதைத்தான் சொல்வீர்களா? (சகோதரி, மூதூர்)

இல்லை, தங்கச்சி. அவர் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்ளும்படி உங்களைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ததாக ஐதிகம் சொல்லும் கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு, இழப்பு உறுதியான குடும்பங்கள் கிரியை செய்யச் செல்கின்றன. அங்கே செல்லவும் முடியாமல், அண்ணனின் சட்டையை யாருக்கும் கொடுக்கவும் மனமில்லாமல் நிற்பவர்களின் துயரம் தனி வகையானது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் 1970களிலேயே இதனைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டு விளக்கினார். இதில் சிக்கியவர் மனநோயாளி அல்லர். கோளாறு அவர் தள்ளப்பட்டிருக்கும் நிலையில்தான் உள்ளது என்பது பாஸின் முக்கியமான கருத்து. ‘வருவார்’, ‘வரமாட்டார்’ என்ற இரண்டு எண்ணங்களையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்கலாம் என்றும் அவர் சொல்கிறார். உண்மையைக் கேட்டுப் போராடுங்கள். அதை விட்டுவிடுவது ஏற்பு ஆகாது. நான் கேட்பதெல்லாம், பதில் வரும்வரை சிரிக்கக்கூடாது என்று உங்களுக்கு நீங்களே விதித்துக்கொண்ட தடையைச் சற்றுத் தளர்த்துங்கள் என்பதே. என்னிடம் வந்த ஒரு தாய், மகன் போன பிறகு பொங்கலுக்குக் கோலமே போடாமல் இருந்தவர். ஓர் ஆண்டு பேரப்பிள்ளைக்காகச் சின்னதாக ஒரு கோலம் போட்டார். அன்று மாலை குற்றவுணர்வோடு என்னிடம் வந்து, ‘அவனை மறந்துவிட்டேனா ஐயா?’ என்று கேட்டார். கோலத்தின் ஓரத்தில் மகனுடைய பெயரின் முதலெழுத்தையும் அவர் எழுதியிருந்தார். அதைத்தான் அவருக்குப் பதிலாக நினைவூட்டினேன்.

மகன் கட்டாரில் வேலை செய்கிறான். இரவு அழைப்பு வராவிட்டால் பத்துத் தடவை நானே எடுப்பேன், தூக்கமில்லை. என்ன செய்யலாம்? (தாய், திருகோணமலை நகர்)

ஒவ்வொரு அழைப்பும் அந்த நேரத்திற்கு மட்டுமே ஆறுதல் தருகிறது, அம்மா; மறுநாள் பயம் இன்னும் கூடுதலான உறுதியைக் கேட்கிறது. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். எடுக்கத் தோன்றும்போது கால் மணி நேரம் மட்டும் தள்ளிப்போடுங்கள். நெஞ்சு படபடத்தாலும், ஒரு தேநீர் போட்டுக் குடித்தபடி, அது ஏறி இறங்குவதைக் கவனித்திருங்கள். அது தாங்கக்கூடியதானதும் அரை மணியாக்குங்கள். மகனிடமும் முன்கூட்டியே இதைச் சொல்லி வையுங்கள்.