குளிர்கால ஒலிம்பிக் அரங்குகள்: கேள்வி பதில்

கேள்வி: 2008இல் நீச்சல் போட்டி நடந்த பெய்ஜிங் அரங்கு 2022இல் கர்லிங் (பனித்தளத்தில் கல்லை இலக்கை நோக்கி வழுக்கிவிடும் விளையாட்டு) களமானது எப்படி? குளத்து நீரையே உறையவைத்தார்களா?

பதில்: இல்லை. குளத்து நீரை வடித்து, அடித்தளத்திலிருந்து எஃகுச் சட்டங்களை எழுப்பி, மேலே கான்கிரீட் பலகைகளைப் பாவி, அவற்றின்மீது குளிர்பதனக் குழாய்களை விரித்த பிறகே தண்ணீரைப் படலம் படலமாக உறையவைத்தார்கள். நீச்சல் வேண்டும்போது அத்தனையையும் கழற்றிவிடலாம்.

ஆனால் இத்தகைய மாற்றத்தில் பனித்தளத்தைவிடக் காற்றே பெரிய சிக்கல். கர்லிங் களத்தின்மேல் நுண்துளிகளைத் தெளித்து மணி மணியாகப் பருக்கள் எழுப்புவார்கள். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கல் அந்தப் பருக்களின் தலைமீதுதான் வழுக்கிச் செல்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் உறைபனி படிந்து பருக்கள் மழுங்கும். கல் போகவேண்டிய தூரம் போகாது. ஆகவே எந்த அரங்கை மாற்றினாலும் முதலில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

கேள்வி: அரங்கு முழுவதும் உறைநிலையில் இருக்குமா?

பதில்: இருக்காது. தளத்தின் அடியில் ஓடும் குழாய்களிலிருந்தே குளிர் வருகிறது.

கேள்வி: அப்படியானால் பார்வையாளர்களின் உடல்வெப்பத்தில் பனி உருகிவிடாதா?

பதில்: குழாய்களைப் பற்றி இப்போதுதான் சொன்னேன். வெப்பத்தை அவை சமாளிக்கும். கூட்டம் மூச்சில் வெளிவிடும் ஈரத்தை உலர்த்திகள்தான் சமாளிக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், ஈரப்பதத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: 2014 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ரஷ்யாவின் சோச்சியில் எவ்வளவு செலவானது?

பதில்: செலவுக் கணக்கு என் துறை அன்று. குளிர்பதனம் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: 2026 போட்டிக்காக இத்தாலியின் கோர்ட்டினாவில் புதிய பாப்ஸ்லெட் (பனிச் சறுக்குவண்டி) தடம் கட்டியது சரிதானா?

பதில்: தவறு என்றே கருதுகிறேன். வளைந்து இறங்கும் கான்கிரீட் வாய்க்கால் முழுவதும் குளிர்பதனக் குழாய்களைப் புதைத்த இத்தகைய தடத்தை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. 2006 டூரின் போட்டிக்காகச் செசானாவில் கட்டிய தடம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. அந்தப் பாடம் இத்தாலியிலேயே இருந்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் இயங்கும் தடமும் அருகில் இருந்தது. இருக்கும் தடத்தையே பயன்படுத்துமாறு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் வலியுறுத்தியது.

கேள்வி: நீங்கள் சொல்வதை ஏற்கமாட்டேன். 1956இல் ஒலிம்பிக் நடத்திய ஊர் அது. பழைய தடம் இருந்த இடத்தில்தானே கட்டினார்கள்? மரபுக்கு மதிப்பில்லையா?

பதில்: மரபை மதிக்கிறேன். ஆனால் 2008இல் மூடிய தடத்தின் இடத்தில் புதியதைக் கட்ட லார்ச் மரங்களை வெட்டினார்கள். அந்த மரங்களும் ஊரின் மரபுதான். அதே 2026 போட்டிக்கு வேகச் சறுக்கலை மிலானை அடுத்த ரோ கண்காட்சிக் கூடத்தில், தற்காலிகத் தளம் அமைத்து நடத்தத் திட்டமிட்டவர்கள், சறுக்குவண்டிப் பந்தயத்தை இன்ஸ்புருக்கில் நடத்தியிருக்கலாம்.

கேள்வி: வேறொரு நாட்டின் தடத்தில் நடத்தினால் அது இத்தாலியின் ஒலிம்பிக் ஆகுமா?

பதில்: ஆகும். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஸ்டாக்ஹோமில் நடந்தன. அதனால் அது ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் இல்லை என்று எவரும் சொல்வதில்லை.